தழும்பு மங்க என்ன செய்யலாம்? சுங்கை சிப்புட் மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஊரைச் சுற்றி செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள், இடையிடையே இன்னும் கொஞ்சம் ரப்பர். அதனால் எங்கள் கடைக்கு வரும் காயங்களும் அந்த மாதிரிதான் இருக்கும்: அரிவாள் பட்ட கை, செம்பனை முள் ஏறிய விரல், மோட்டார் சைக்கிள் எக்ஸாஸ்ட் சுட்ட கெண்டைக்கால், தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்த முன்கை. காயம் ஆறின பிறகு அதே ஆட்கள் திரும்பி வந்து, "அக்கா, இந்தத் தழும்பு போக ஏதாவது கிரீம் இருக்கா?" என்று கேட்பார்கள். கல்லாவுக்கு முன்னால் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது, அதனால் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

தழும்பை அடியோடு எடுத்துவிட முடியுமா?

முடியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "முடியும்" என்று சொல்லி விற்கிறவர்களிடம்தான் நம் ஆட்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள். தோலின் ஆழமான அடுக்கு கிழிந்தால், உடம்பு கொலாஜன் என்ற புரதத்தை வைத்து அவசரமாக ஒட்டுப் போடுகிறது. அந்த ஒட்டில் பழைய நெசவு வராது, வியர்வைத் துளையும் முடிக்காலும் திரும்பி வராது, எவ்வளவுதான் ஆறினாலும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 விழுக்காட்டுக்கு மேல் எட்டாது. ஆனால் மங்க வைக்கலாம், தட்டையாக்கலாம், அரிப்பைக் குறைக்கலாம், பார்ப்பவர் கண்ணில் சட்டென்று படாத அளவுக்குக் கொண்டுவரலாம். புதுத் தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து, கொஞ்சம் தடித்து, இது மோசமாகிக்கொண்டே போகிறதோ என்று பயமுறுத்தும். பிறகு ஒரு வருடம், சில சமயம் ஒன்றரை வருடம் வரைக்கும் தானாகவே அடங்கிக்கொண்டே இருக்கும். நாம் செய்வதெல்லாம் அந்த முதல் வருடத்தில் அதற்குக் கைகொடுப்பதுதான்.

என்னுடையது தழும்புதானா, வெறும் கறையா?

இது தெரியாமல்தான் பாதிப் பேர் தவறான கிரீமை வாங்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் ஒன்றும் தட்டுப்படவில்லை, நிறம் மட்டும்தான் கருத்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் தழும்பே இல்லை, காயமோ பருவோ கொசுக்கடியோ ஆறும்போது தோல் கூடுதலாக நிறமி விட்டுப்போன கறை. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இது ரொம்ப சாதாரணம். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலும் மங்கிவிடும். மேடாக இருந்து காயம் பட்ட எல்லைக்குள்ளேயே நின்றால் தடித்த தழும்பு. எல்லையைத் தாண்டி நண்டுக் கால் மாதிரி பக்கத்துத் தோலுக்குள் பரவினால் கீலாய்டு. குழியாக இருந்தால் பரு அல்லது அம்மை விட்டுப்போன வடு. தீக்காயத்துக்குப் பிறகு தோல் இழுத்துக்கொண்டு முழங்கையையோ விரலையோ நீட்ட விடாமல் பிடித்தால் அதற்குக் கடையில் மருந்து தேடாதீர்கள், மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

காயம் இன்னும் ஆறவே இல்லை. தழும்பு வராமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம்?

உண்மையில் அதிகம் சாதிக்கக்கூடிய நேரம் இதுதான். என் வலது கெண்டைக்காலில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு தழும்பு உண்டு. பதினான்கு வயதில் அப்பாவின் மோட்டாரிலிருந்து வலது பக்கமாக இறங்கி எக்ஸாஸ்டில் வைத்துக்கொண்டேன். அம்மா பதறிப்போய் பற்பசையை அப்பினார், பக்கத்து வீட்டு ஆயா அதற்கு மேல் கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றினார். இருவரும் பாசத்தில் செய்தார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே போன சூடு வெளியேற வழியில்லாமல் புண் ஆழமாகி, அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ததில் இன்னும் ரணமாகி, ஆற ஒன்றரை மாதம் ஆனது.

சூடு பட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், ஐஸ் அந்தத் தோலை மறுபடியும் காயப்படுத்தும். பட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இனி என்ன பிரயோசனம் என்று விடாதீர்கள், 3 மணி நேரத்துக்குள் செய்தால்கூட பலன் உண்டு. பற்பசை, கிச்சாப், மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

வெட்டுக்காயமானால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அப்புறம் "காத்தாட விடு, சீக்கிரம் காயும்" என்பார்கள் வீட்டில். காய்ந்த புண்ணில் பொருக்கு கட்டும், அதற்குக் கீழே புதுத் தோல் நகர்ந்து மூடத் தாமதமாகும். வாசலின் மாதிரி வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, பிளாஸ்டரோ துணியோ போட்டு, தினமும் மாற்றுங்கள். ஈரப்பதம் இருந்தால் வேகமாகவும் அழகாகவும் ஆறும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அது தானாக விழட்டும். வாய் பிளந்த வெட்டு, ஆழமான வெட்டு என்றால் தையல் போட அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். அரிவாளும் முள்ளும் மண்ணோடு வருபவை, அதனால் கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், யோசித்து வையுங்கள். செம்பனை முள்ளின் நுனி உடைந்து உள்ளே நின்றுவிட்டால் மாதக்கணக்கில் வீங்கி முண்டாக நிற்கும். ஊக்கு வைத்துக் குடையாமல் அதையும் கிளினிக்கில் எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தாலே பாதி வேலை முடியும், புண் ஆற எத்தனை நாள் இழுக்கிறதோ அத்தனைக்கு அத்தனை தழும்பும் மோசமாகும்.

முட்டை, கோழி, மீன் சாப்பிட்டால் தழும்பு கருக்குமா?

இல்லை. பிரசவம் முடிந்த பெண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் இதையெல்லாம் பத்தியம் என்று நிறுத்திவிட்டு வெறும் ரசச் சோறு போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்காது. கொலாஜன் கட்டுவதற்கு உடம்புக்குப் புரதம் வேண்டும். முட்டை, கோழி, மீன், பருப்பு எல்லாம் வேண்டும். ஏதாவது ஒன்று உங்களுக்கு உண்மையிலேயே ஒவ்வாமை தருகிறது என்றால் அதை மட்டும் விடுங்கள். மலாய்க்காரர்கள் 'ஹாருவான்' என்று சொல்லும் விரால் மீனை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடச் சொல்வார்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல புரதம். ஆனால் விரால் சாறு குடித்தால் தழும்பே வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சிலிகோன் ஜெல் என்கிறார்களே, அது உண்மையில் வேலை செய்யுமா?

கடையில் கையால் எடுத்துக் கொடுக்கக்கூடியவற்றில் நான் மனசாரச் சொல்வது இது ஒன்றைத்தான். தடித்த தழும்புக்கும், தடிக்கப்போகும் புதுத் தழும்புக்கும் மருத்துவர்கள் முதலில் சொல்வது சிலிகோன்தான். அது உள்ளே ஊறி மருந்தாக வேலை செய்வதில்லை. தழும்பின் மேல் ஒரு மூடியாக உட்கார்ந்து ஈரம் வெளியேறாமல் பிடித்துக்கொள்கிறது. மேல்தோல் காயாமல் இருந்தால், "இங்கே இன்னும் கொலாஜன் போடு" என்று கீழே போகும் சமிக்ஞை குறைகிறது. அதனால் தழும்பு மெல்ல மிருதுவாகித் தட்டையாகிறது.

எப்போது ஆரம்பிப்பது என்றால், புண் முழுக்க மூடி, பொருக்கு விழுந்து, தையல் பிரித்த பிறகு. திறந்த புண்ணில் போடக்கூடாது. ஜெல் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. இங்கே எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள், பட்டாணி அளவுக்குப் பிதுக்கி அப்பிவிடுகிறார்கள், அது காயாமல் சட்டையில் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு அங்குல தழும்புக்கு ஒரு பச்சைப்பயறு அளவு போதும். ஒரே பக்கமாக இழுத்துப் படலம் மாதிரி தடவி, நான்கைந்து நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது. அதற்கு மேல் சன்ஸ்கிரீன் போடலாம், சட்டை போடலாம்.

தகடாகவும் கிடைக்கும். அதை ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரமாவது ஒட்டி வைக்கவேண்டும், முடிந்தால் குளிக்கும் நேரம் தவிர முழு நாளும். நம் ஊர் வெக்கையில் அடியில் வியர்த்து வேர்க்குரு வரும், அதனால் தோலையும் தகட்டையும் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி ஒட்டுங்கள். வெளியில் உடல் உழைப்பு வேலை செய்கிறவர்களுக்கு நான் ஜெல்லைத்தான் சொல்வேன், அல்லது இரவு மட்டும் தகடு.

இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யவேண்டும். இரண்டு வாரம் போட்டுவிட்டு "ஒண்ணும் ஆகலே அக்கா" என்று டியூபைக் கொண்டு வருகிறவர்கள் நிறைய. விலை கொஞ்சம் கூடத்தான். மூன்று மாதத்துக்குக் கையில் காசு இருக்காது என்று தெரிந்தால் வாங்காதீர்கள், அடுத்த இரண்டு பதில்களில் சொல்வதற்குச் செலவு குறைவு.

மசாஜ் செய்யலாமா?

செய்யுங்கள். புண் நன்றாக மூடி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு, தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத கிரீமோ தொட்டு, கட்டைவிரலால் தழும்பை அழுத்தி, நகம் வெளுக்கும் அளவு அழுத்தத்தில் வட்டமாகவும் குறுக்காகவும் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. எண்ணெய் வெறும் வழுக்கலுக்குத்தான், வேலை செய்வது அழுத்தம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். சிவந்து, வலித்து, தடிப்பு கூடினால் நிறுத்துங்கள்.

வெயிலுக்கும் தழும்புக்கும் என்ன சம்பந்தம்?

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு அடிக்கடி 10-ஐத் தாண்டும். புதுத் தழும்பு வெயிலைத் தாங்காது, சுற்றியிருக்கும் தோலைவிட அதிகமாகக் கருத்து, அந்தக் கருமை வருடக்கணக்கில் நிற்கும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சரி, காலையில் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் வியர்வையில் இரண்டு மணிக்கொரு தடவை எங்கே தடவிக்கொண்டிருப்பார், அது எனக்கும் தெரியும். அவர்களுக்கு நீளக் கை சட்டையும், கழுத்தில் துண்டும், அகல விளிம்புத் தொப்பியும் எந்தக் கிரீமையும்விட நல்லது. முதல் ஒரு வருடமாவது தழும்பை மூடியே வையுங்கள்.

எலுமிச்சை, மஞ்சள், கற்றாழை, வைட்டமின் ஈ?

எலுமிச்சையை அறவே விடுங்கள். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்து, இருந்ததைவிடக் கருப்பாகத் திட்டு விழும். மஞ்சள் பூசினால் நிறம் மஞ்சளாகத் தெரியும், தழும்பு அப்படியே இருக்கும். கற்றாழை குளுமையாக இருக்கும், கெடுதல் இல்லை, பெரிய பலனும் எதிர்பார்க்காதீர்கள். வைட்டமின் ஈ குளிகையைக் குத்திப் பிழிந்து தடவுகிறவர்கள்தான் அதிகம். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சைத் தழும்பின் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பும் மறு பாதிக்கு வெறும் களிம்பும் தடவிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு வித்தியாசமே இல்லை, சிலருக்கு மோசமானது, மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. சின்ன ஆய்வுதான், 15 பேர், ஆனாலும் அதைப் படித்த பிறகு நான் யாருக்கும் அதைத் தழும்புக்கென்று கொடுப்பதில்லை.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் வெள்ளையாக்கும் கிரீமை தழும்பில் போடலாமா?

போடாதீர்கள், தயவுசெய்து. பெயர் ஒட்டாத டப்பாவில், ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆகும் என்று விற்பதில் பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, வீரியமான ஸ்டீராய்டோ கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இவற்றைக் கலந்த அழகுப் பொருட்களை நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் தடை செய்து அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அம்மா பூசினால் குழந்தைக்கும் போகும். ஸ்டீராய்டு முதலில் வெளுப்பாகக் காட்டிவிட்டுத் தோலைக் காகிதம் மாதிரி மெலிய வைத்துவிடும். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் அளந்து, காலக்கெடு வைத்துக் கொடுக்கும் மருந்து, தெருவில் வாங்குவது இல்லை. வாங்குவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மருந்தென்றால் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும், அழகுப் பொருளென்றால் என்ஓடி (NOT) என்று தொடங்கும் எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

தோளில் தடுப்பூசி போட்ட இடம், காது குத்திய இடம் வளர்ந்துகொண்டே போகிறது. என்ன இது?

கீலாய்டு. நெஞ்சு நடு, தோள், மேல்முதுகு, காது மடல், தாடை ஓரம், இந்த இடங்களில்தான் அதிகம் வரும். வெள்ளைத் தோலைவிட நம் தோலில் அதிகம், ஒரே குடும்பத்திலும் ஓடும். அரிக்கும், சுரீர் என்று வலிக்கும், தானாக அடங்காது. இதற்கு ஜெல் மட்டும் போதாது, மருத்துவர் தழும்புக்குள்ளேயே டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று, பல தடவை. வலிக்கும், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. தோல் மெலிவதும் அந்த இடம் வெளுப்பதும் உண்டு. சிலருக்கு உறைய வைக்கும் சிகிச்சையைச் சேர்த்துச் செய்வார்கள்.

"வெட்டி எடுத்துவிடலாமே?" என்பார்கள். வெறுமனே வெட்டினால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வரும், முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம். வெட்டிய பிறகு ஊசியோ, கதிர்வீச்சோ, காதென்றால் இறுக்கிப் பிடிக்கும் கம்மலோ சேர்ந்தால்தான் தாங்கும். நூல் கட்டி அறுந்து விழ வைக்கும் வேலை வீட்டில் செய்யவே கூடாது.

காது குத்துவது பற்றி ஒன்று சொல்லவேண்டும். பதினோரு வயதுக்குப் பிறகு குத்தினால் கீலாய்டு வரும் வாய்ப்பு, அதற்கு முன் குத்துவதைவிட அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். குழந்தையிலேயே காது குத்தும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் நல்லதாகவே போயிற்று. வீட்டில் யாருக்காவது கீலாய்டு இருந்தால் வளர்ந்த பிறகு இரண்டாவது, மூன்றாவது துளை வேண்டாம் என்று மகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்கு அலகு குத்தப் போகிறேன். தழும்பு நிற்குமா?

பெரும்பாலோருக்குச் சின்னப் புள்ளியாக மங்கிவிடும். ஆனால் முதுகில் கொக்கி ஏறும் இடமும் தோளும் கீலாய்டு விரும்பும் இடங்கள். தடுப்பூசித் தழும்பு தடித்து நிற்கிறது, பழைய காயம் மேடாக இருக்கிறது என்றால் முதுகில் அலகு வேண்டாம், பால்குடம் எடுங்கள், முருகன் ஏற்றுக்கொள்வான். குத்துவதென்றால் அலகும் கொக்கியும் கிருமி நீக்கியதாக, இன்னொருவருக்குப் போட்டதாக இல்லாமல் இருக்கவேண்டும். எடுத்த பிறகு விபூதி வைப்பது நம் நம்பிக்கை, அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன், வீடு வந்ததும் தண்ணீரில் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி போட்டு மூடிவிடுங்கள்.

முகப்பரு குழியும் அம்மை வடுவும்?

குழிக்கு எந்தக் கிரீமும் அடியிலிருந்து நிரப்பாது. முதலில் பருவை அடக்கவேண்டும், புதுப் பரு வந்துகொண்டே இருக்கும்போது பழைய குழிக்குச் செலவு செய்வது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. பிறகு தோல் மருத்துவர் குழியின் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்வார். ஊசி முனை மாதிரி ஆழக் குழிக்கு அமிலம் தொட்டு வைப்பது, அலை மாதிரி இழுத்த குழிக்கு அடியில் இழுத்துப் பிடிக்கும் நார்களை அறுத்து விடுவது, பொதுவான பள்ளத்துக்கு நுண்ணூசி அல்லது லேசர் என்று. லேசர் நம் தோலில் கருமையைக் கிளப்பக்கூடும், அதனால் கறுத்த தோலுக்குச் செய்து பழக்கமுள்ளவரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். நுண்ணூசியில் அந்த ஆபத்து குறைவு. ஒரு தடவையில் முடியாது, பல அமர்வுகள் வேண்டும்.

பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால் நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். வேப்பிலையால் மெல்ல வருடிக் கொடுங்கள், ஆனால் அரைத்துத் திறந்த கொப்புளத்தில் பூசவேண்டாம். சொறிந்த இடத்தில்தான் வடு விழும்.

பிரசவக் கோடுகள்?

சிவப்பாக இருக்கும்போது பார்த்தால் கொஞ்சம் பலன் உண்டு, வெள்ளியாக மாறிய பிறகு குறைவு. டிரெடினோயின் கிரீம் சிலருக்குக் கொடுப்பார்கள், கர்ப்பமாக இருக்கும்போது கூடவே கூடாது. எண்ணெய் தடவுவது அரிப்புக்கு இதம், அவ்வளவுதான்.

எங்கே போய்க் காட்டுவது, எவ்வளவு ஆகும்?

முதலில் அரசாங்க கிளினிக், குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது, தோல் பிரிவு உண்டு. காத்திருக்கவேண்டி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். போகும்போது தழும்பை மாதாமாதம் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் மருத்துவருக்கு ரொம்ப உதவியாக இருக்கும். வலிக்குது, அரிக்குது, வளருது, மூட்டை மடக்க விடலே என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் அழகுக்காக என்று நினைத்து வரிசையில் பின்னால் தள்ளிவிடாமல் இருக்க அது முக்கியம்.

பாட்டிக்குச் சின்ன வயதில் அடுப்பில் சுட்ட பழைய தழும்பு. இப்போது அதில் புண் வந்து ஆறவே மாட்டேன் என்கிறது. என்ன மருந்து தடவலாம்?

எதையும் தடவ வேண்டாம். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தீக்காயத் தழும்பில் திடீரென்று புண் வெடித்து, வாரக்கணக்கில் ஆறாமல், ஓரம் தடித்து, தொட்டால் ரத்தம் கசிந்தால் அது தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும். அடிக்கடி வருவதில்லை, ஆனால் வந்தால் சீக்கிரம் பிடிக்கவேண்டும், ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். இந்த ஊரில் தோட்டத்தில் விறகடுப்பில் சமைத்து, கைகால் சுட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் கடைக்கு வந்து களிம்பு கேட்டால் நான் தரமாட்டேன். பாட்டியையே கூட்டிக்கொண்டு நாளைக் காலையில் கிளினிக்குக்குப் போங்கள்.